சைக்கிள் கொடுத்தார்கள், சரி. பாதை எங்கே?



இது கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இப்போதும் பாதியில் நழுவிவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். இந்த ஒருமுறை கடைசி வரை படித்துவிடுங்கள்.

சென்னையில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர்கள் ஆறேழு பேர் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்களின் பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு திண்டிவனம் வந்தார்கள். அங்கிருந்து செஞ்சிக் கோட்டை வரை மிதித்துப் போய்வந்து, என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்தார்கள். தலைக்கவசம், கையுறை, பின்னால் சிவப்பு விளக்கு எல்லாம் இருந்தது. ஒவ்வொரு வண்டியின் விலையும் நான் ஓய்வுபெற்ற மாதம் வாங்கிய சம்பளத்துக்கு நிகர். எனக்குப் பொறாமையில்லை, பெருமைதான். குரங்குப் பெடல் போட்டுப் பள்ளிக்கு வந்த பிள்ளைகள் இவர்கள்.

ஊருக்குப் போனதும் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மனு போட்டார்கள். 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மராத்தியர் காலப் போர்க்கோட்டைகள் என்று சேர்க்கப்பட்ட 12 கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது நம் செஞ்சி ஒன்றுதான். ஆகவே புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் வழியாகச் செஞ்சிக்கு ஒரு சுற்றுலா சைக்கிள் பாதை வேண்டும், அதற்குத் 'தேசிய சைக்கிள் வழி' என்று எண்ணும் பலகையும் வேண்டும் என்பது மனு. "டீச்சர், முதல் கையெழுத்து நீங்கள் போடவேண்டும்" என்று கேட்டார்கள்.

நான் இன்னும் போடவில்லை. ஏன் போடவில்லை என்று தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்து இங்கே சொல்லிவிடுகிறேன்.

நான் சைக்கிள் கற்றது பதினோரு வயதில், பாவாடை சட்டையோடு, அண்ணன் எடுத்த வாடகை சைக்கிளில். அரை மணி நேர வாடகையில் அவன் இருபது நிமிடம் ஓட்டுவான், எனக்குப் பத்து நிமிடம். ஆசிரியர் பயிற்சி முடித்து, பல வருடம் காத்திருந்து, திண்டிவனத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவில் ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்தபோது, பஸ் நிறுத்தத்திலிருந்து பள்ளி நான்கு கிலோமீட்டர். சைக்கிளில்தான் போனேன். "டீச்சரம்மா சைக்கிள்ல வருது" என்று முதல் வாரம் ஊரே வேடிக்கை பார்த்தது. இரண்டாவது வாரம் யாரும் பார்க்கவில்லை. மூன்றாவது மாதம் இரண்டு பெண்பிள்ளைகள் தங்கள் அப்பாவின் சைக்கிளை எடுத்துத் தெருவில் பழக ஆரம்பித்தார்கள். ஒரு பெண் ஓட்டுவதைக் கண்ணால் பார்த்தால் போதும், இன்னொரு பெண்ணுக்குத் தைரியம் வந்துவிடும் என்பதை அன்றைக்கே கண்டேன்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். கல்குவாரிப் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் சைக்கிள் கற்றார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றதாகப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதினார்.

அந்தக் காலத்தில் நம் ஜி.எஸ்.டி. ரோடு இரண்டு பக்கமும் புளியமரம் நின்ற சாலை. லாரி வந்தால் மண்ணில் இறங்கி நின்றுவிட்டு மறுபடியும் ஏறிப் போவோம். பிறகு நான்கு வழிச் சாலை வந்தது. மரங்கள் போயின. நடுவில் தடுப்பு வந்தது. திண்டிவனம் – விழுப்புரம் நாற்பது கிலோமீட்டரைக் காரில் அரை மணியில் கடக்கிறோம். நல்லதுதான். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு ஆம்புலன்ஸ் விரைந்து போகிறது. அதையெல்லாம் நான் குறை சொல்லவில்லை.

ஆனால் சாலைக்கு மேற்கே ஊரும் கிழக்கே உயர்நிலைப் பள்ளியும் இருந்தால் என்ன ஆகும்? முன்பு சாலையைக் குறுக்கே கடந்தால் பள்ளி. இப்போது முறைப்படி போனால் இரண்டு கிலோமீட்டர் தள்ளிச் சுரங்கப்பாதையில் திரும்பி, மறுபடி இரண்டு கிலோமீட்டர் வரவேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை இதைச் செய்யாது. எதிர்த்திசையில் ஓரமாக வரும், அல்லது தடுப்பின் இடைவெளியில் சைக்கிளைத் தூக்கிப் போட்டுத் தாண்டும். பிறகு நாம் காருக்குள் உட்கார்ந்துகொண்டு, "ராங் சைடுல வருது பார், இதுங்களுக்கு யார் பாடம் சொல்லிக்கொடுத்தது?" என்று திட்டுவோம். சொல்லிக்கொடுத்தது நான்தான். இடப்பக்கம் போ என்றுதான் சொன்னேன். இடப்பக்கம் போனால் அது பள்ளிக்கூடம் போய்ச் சேராது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், உங்களில் சிலருக்குத் தெரியும். கணக்கில் கெட்டிக்காரி. எட்டாம் வகுப்பு முடித்துக் கையில் மாற்றுச் சான்றிதழோடு நின்றாள். ஒன்பதாம் வகுப்புக்குச் சாலையைத் தாண்டி ஆறு கிலோமீட்டர். காலையில் ஒரு பஸ், அதுவும் வந்தால் வரும். அப்பா, "சைக்கிள்ல அனுப்ப மாட்டேன் டீச்சர்" என்றார். நான் ஒரு மணி நேரம் பேசினேன். கடைசியில் அவர் கேட்டார்: "அந்த ரோட்டைத் தாண்டறப்ப ஏதாவது ஆனா நீங்க பொறுப்பு ஏத்துக்கிறீங்களா?" எனக்கு வாய் வரவில்லை. அவர் படிக்காதவர், ஆனால் கேள்வி சரியான கேள்வி. அந்தப் பிள்ளை அதோடு நின்றது. இப்போது அவள் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அடுத்த வருடம் அதே சான்றிதழ், அதே சாலை, அதே கேள்வி. நடுவில் போனது ஏறக்குறைய இருபது வருடம்.

இனி அரசாங்கத்தின் பக்கம் வருகிறேன். தமிழ்நாட்டில் விலையில்லா மிதிவண்டித் திட்டம் 2001–02ல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவிகளுக்காகத் தொடங்கியது. சில ஆண்டுகளில் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவ மாணவியர் அனைவருக்கும் விரிந்தது. எந்தக் கட்சி ஆண்டாலும் தொடர்கிறது. நல்ல திட்டம், அதைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. ஆனால் சைக்கிள் கிடைப்பது பதினோராம் வகுப்பில். கிராமத்துப் பிள்ளை நின்றுபோவது பெரும்பாலும் எட்டாவது முடிந்து ஒன்பதாவது சேரும் இடத்தில். நின்றுபோன பிள்ளைக்குப் பதினோராம் வகுப்பு சைக்கிள் எப்படிக் கிடைக்கும்?

பீகாரில் 2006ல் இதே போன்ற திட்டம் வந்தபோது ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அதை ஆராய்ந்தார்கள். உயர்நிலை வகுப்பில் சேரும் பெண்பிள்ளைகள் 32 சதவீதம் கூடினார்கள், ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது என்று எழுதினார்கள். பள்ளி தூரமாக இருந்த கிராமங்களில்தான் பலன் அதிகம். ஒரு சைக்கிளுக்கு அவ்வளவு சக்தி இருக்கிறது. நம் ஊரில் அந்தச் சக்தியை நான்கு வழிச் சாலையின் ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டோம். சைக்கிள் இரண்டு வகுப்பு தாமதமாக வருகிறது. பாதை கால் நூற்றாண்டாகியும் வரவேயில்லை.

என் மாணவர்கள் மனுவில் இங்கிலாந்தை உதாரணம் காட்டியிருக்கிறார்கள். அங்கே நாடு முழுக்கத் தேசிய சைக்கிள் வழிகள் இருக்கின்றன, உள்ளூராட்சிகள் தங்கள் உள்ளூர் வழிகளை அவற்றோடு இணைக்கின்றன என்று. உண்மை. 1977ல் பிரிஸ்டல் நகரில் சில ஆர்வலர்கள் தொடங்கி, கைவிடப்பட்ட ரயில் பாதையைச் சைக்கிள் பாதையாக்கி, அதிலிருந்து வளர்ந்தது. ஆனால் அந்தக் கதையின் பின்பாதியை மனுவில் எழுதவில்லை. வரைபடத்தில் கோடு போட்டுப் பலகை நட்ட பல சாலைகள் வண்டிகள் சீறிப் பாயும் சாலைகளாகவே இருந்தன. 2020ல் அதை நடத்திய, அப்போது சஸ்டிரான்ஸ் என்ற பெயரில் இருந்த அமைப்பே, இவை சைக்கிளுக்குத் தகுதியான பாதைகள் அல்ல என்று ஏறக்குறைய கால்பங்கு நீளத்தை வழித்தடப் பட்டியலிலிருந்து நீக்கியது. அவர்கள் வைத்துக்கொண்ட இலக்கு என்ன தெரியுமா? பன்னிரண்டு வயதுப் பிள்ளை துணையில்லாமல் தனியாகப் போக முடியவேண்டும் என்பது.

பன்னிரண்டு வயது என்றால் நம் கணக்கில் ஏழாம் வகுப்பு. இருபது பக்கம் மனு எழுதவேண்டாம், அந்த ஒரு வரி போதும். ஏழாம் வகுப்புப் பிள்ளை தனியாகப் போகமுடிந்தால் அது சைக்கிள் பாதை. இல்லையென்றால் அது பலகை.

நம் நாட்டிலும் பாடம் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் எட்டாவாவிலிருந்து ஆக்ரா வரை 207 கிலோமீட்டர் சைக்கிள் நெடுஞ்சாலையை 2016ல் திறந்தார்கள். சில ஆண்டுகளில் அதன் பல பகுதிகள் சிதைந்தும் ஆக்கிரமிக்கப்பட்டும் கிடப்பதாகச் செய்திகள் வந்தன. தினமும் காலையில் அதில் போகவேண்டிய ஆள் யார் என்று முதலில் கேட்டிருந்தால் அந்தப் பணம் வேறு மாதிரி செலவாகியிருக்கும்.

இப்போது எனக்கு வரப்போகும் எதிர்வாதங்களுக்கு வருகிறேன். என் கொழுந்தனார் ஏற்கெனவே போனில் ஆரம்பித்துவிட்டார்.

"இப்ப யாரு அண்ணி சைக்கிள் ஓட்டறா? எல்லாரும் ஸ்கூட்டிதான்." 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 வீடுகளில் சைக்கிள் இருந்தது. அதன்பிறகு ஸ்கூட்டி பெருகியது உண்மைதான். ஆனால் ஸ்கூட்டிக்கு உரிமம் பதினாறு வயதுக்கு முன்னால் எந்த வகையிலும் கிடையாது. அதற்குக் கீழே இருக்கும் பிள்ளை என்ன செய்யும்? சட்டத்தை மீறி அண்ணன் வண்டியை எடுக்கும். இப்போது அதுதான் நடக்கிறது. இன்னொன்று, 1962லேயே இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் சைக்கிள் தடங்களுக்கு வழிகாட்டு விதிகள் வெளியிட்டது, 2015ல் திருத்தியும் வெளியிட்டது. மணிக்கு 200 மோட்டார் வண்டிகளுக்கு மேல் ஓடும் சாலையில் மணிக்கு 100 சைக்கிள் போனாலே தனித்தடம் நியாயம் என்று பழைய விதியிலேயே இருந்தது. பயந்து யாரும் வராத சாலையில் நின்று எண்ணினால் நூறு வராதுதான். கிணற்றுக்கு வழியை அடைத்துவிட்டு, குடத்தோடு யாரும் வரவில்லை, ஆகவே இந்த ஊருக்குத் தாகமில்லை என்று எழுதுவதா?

"பஸ் பாஸ் இலவசம், பெண்களுக்கு டவுன் பஸ்ஸே இலவசம்." நல்லது, நானும் அதில் போகிறேன். ஆனால் வராத பஸ் இலவசமாக இருந்து என்ன பயன்? மாலை சிறப்பு வகுப்பு முடிந்து ஐந்தரைக்கு வெளியே வரும் பிள்ளைக்கு அடுத்த பஸ் ஏழு மணிக்கு. பஸ் ஊருக்கு ஊர் ஓடும். வீட்டுக்கு வீடு ஓடுவது சைக்கிள்.

"இடம் எங்கே இருக்கு?" இதற்குத்தான் நான் காத்திருந்தேன். உங்கள் ஊர் கிராம நிர்வாக அலுவலரிடம் போய்க் கிராம வரைபடத்தைப் பாருங்கள். 'வண்டிப்பாதை' என்று புள்ளிக்கோடு போட்டிருக்கும். மாட்டுவண்டி போன காலத்துப் பாதைகள். பல இடங்களில் அவை அரசுப் புறம்போக்கு. ஊரிலிருந்து ஊருக்கு நெடுஞ்சாலையைத் தொடாமல் போகும். ஒரு பக்கம் கரும்பு ஏறியிருக்கும், மறுபக்கம் நம் சொந்தக்காரர் வேலி நகர்ந்திருக்கும். ஆமாம், சொந்தக்காரர் என்றுதான் சொன்னேன், படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளட்டும். ஏரிக்கரைகள் இருக்கின்றன. ரயில் பாதையை ஒட்டிய மண்பாதைகள் இருக்கின்றன. எல்லா இடத்திலும் புது நிலம் வாங்கவேண்டாம். காணாமல் போன நிலத்தைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடியும்.

"நெதர்லாந்து பணக்கார நாடு, நாம அப்படியா?" 1971ல் அந்த நாட்டில் சாலை விபத்தில் ஏறக்குறைய 3,300 பேர் செத்தார்கள், அதில் 400க்கும் மேல் குழந்தைகள். பெற்றோர் தெருவில் உட்கார்ந்தார்கள். இயக்கத்தின் பெயரே 'குழந்தைக் கொலையை நிறுத்து'. அதன் பிறகுதான் நாம் படத்தில் பார்க்கும் அந்தச் சைக்கிள் நாடு உருவானது. தமிழ்நாட்டில் 2022ல் சாலை விபத்தில் இறந்தவர்கள் 17,884 பேர். மக்கள்தொகைக்கு வகுத்துப் பாருங்கள், அன்றைய நெதர்லாந்தும் இன்றைய நாமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் நிற்கிறோம். அவர்கள் தெருவில் உட்கார்ந்தார்கள், நாம் பிளக்ஸ் வைத்துவிட்டுக் கலைந்துவிடுகிறோம்.

சரி, இவ்வளவு எளிது என்றால் ஏன் நடக்கவில்லை? என் மாணவி வீட்டிலிருந்து பள்ளி வரை அந்த ஆறு கிலோமீட்டரை நான் மனதில் நடந்து பார்த்தேன். தெரு ஊராட்சிக்குச் சொந்தம். அடுத்த தார்ச்சாலை ஊராட்சி ஒன்றியத்துக்கு. நான்கு வழிச் சாலை தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்கு. அதைத் தாண்டினால் மாநில நெடுஞ்சாலைத் துறை. பள்ளிக்கூடம் கல்வித் துறை. ஒரு சின்னப் பிள்ளை முக்கால் மணி நேரத்தில் ஐந்து அலுவலகங்களின் எல்லையைக் கடக்கிறது, ஐந்தில் ஒன்றுகூட அந்தப் பிள்ளையின் முழு வழிக்கும் பொறுப்பில்லை. ஆறு கிலோமீட்டரில் ஐந்தரை நன்றாக இருந்து அரை கிலோமீட்டர் ஆபத்தாக இருந்தாலும் அப்பா அனுப்பமாட்டார். நானும் அனுப்பமாட்டேன்.

நம் மேலும் குற்றம் இருக்கிறது. ஆசிரியர்களாகிய நாங்கள் சைக்கிள் வழங்கும் விழாவில் போட்டோவுக்கு நின்றோம். பிள்ளைகள் எந்த வழியில் வீட்டுக்குப் போகிறார்கள் என்று ஒருநாளும் பின்னால் போய்ப் பார்க்கவில்லை. என் சொந்தப் பிள்ளைகளை வேனில் அனுப்பினேன். இதை எழுதும்போது கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஆகவே நான் கேட்பது இவைதான்.

முதலாவது, விழுப்புரம் மாவட்டத்தில் ஒவ்வொரு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளியிலும் பிள்ளைகள் வரும் வழியை அவர்களையே வரையச் சொல்லுங்கள். பயமாக இருக்கும் இடத்தில் சிவப்புப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஒரு சார்ட் பேப்பர், ஒரு ஸ்கெட்ச் பேனா. ஒரு மதியத்தில் முடியும். நம் மாவட்டத்தின் உள்ளூர் சைக்கிள் வழி வரைபடம் அதுதான்.

இரண்டாவது, அந்த வரைபடம் ஆட்சியர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குப் போகட்டும். ஐந்து அலுவலகங்களும் ஒரே மேசையில் உட்காரும் இடம் அது ஒன்றுதான்.

மூன்றாவது, கிராம சபை. வரும் ஜனவரி 26 கூட்டத்தில் உங்கள் ஊர் வண்டிப்பாதையை அளந்து மீட்டு, பள்ளி வரை சீர்செய்யவேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். ஏரிக்கரைக்கு மண் போடத் தெரிந்த ஊருக்கு இது பெரிய வேலையில்லை.

நான்காவது, இப்போது மரக்காணம் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையை நான்கு வழியாக்கிக்கொண்டிருக்கிறார்கள். கட்டும்போதே ஊருக்கும் பள்ளிக்கும் நேர் எதிரே சைக்கிள் போகும் சுரங்கப்பாதை வையுங்கள். கட்டி முடித்துவிட்டு இடிப்பதற்கு இருமடங்கு செலவு. நம் சாலையில் செய்த தவறை அங்கே மறுபடி செய்யவேண்டாம்.

ஐந்தாவது, விழுப்புரம், திண்டிவனம் நகராட்சிகள். சென்னை மாநகராட்சி 2014லேயே நடப்போருக்கும் சைக்கிளில் போவோருக்கும் முன்னுரிமை என்று ஒரு கொள்கை நிறைவேற்றி, போக்குவரத்துச் செலவில் 60 சதவீதம் அதற்கு என்று எழுதியது. எவ்வளவு செய்தார்கள் என்பது வேறு கேள்வி. நம் நகராட்சிகள் எழுதவாவது செய்யட்டும். பழைய காலத்தில் சைக்கிளுக்கு வரி வாங்கிக்கொண்டு வில்லை கொடுத்த ஊராட்சி அமைப்புகள்தானே இவை! வாங்கிய காசுக்கு இன்னும் பாதை பாக்கி இருக்கிறது.

இவையெல்லாம் நடந்தால் செஞ்சிக்குப் போகும் பெரிய வழி தானாக உருவாகும். பள்ளிக்குப் போகும் சின்ன வழிகள் ஒன்றோடொன்று சேர்ந்தால் அது திருவக்கரைக்கும் போகும், மயிலத்துக்கும் போகும், செஞ்சிக் கோட்டைக்கும் போகும். வெள்ளைக்காரரும் வரட்டும், சென்னைக்காரரும் வரட்டும், வழியில் நம் பெண்கள் இளநீர் விற்கட்டும். மேலே இருந்து கோடு போட்டால் நடுவில் எங்கள் ஊர்ப் பிள்ளை விடுபட்டுப்போகும். அதுதான் என் பயம்.

மனு போட்ட பிள்ளைகளே, உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. சைக்கிளை மறக்காமல் இருக்கிறீர்களே, அதுவே பெரிது. ஒரு வரி சேருங்கள்: "இந்த மாவட்டத்தில் போடப்படும் எந்தச் சைக்கிள் வழியும் ஏழாம் வகுப்புப் பிள்ளை தனியாகப் போகக்கூடியதாக, ஒரு பள்ளியையாவது தொடுவதாக இருக்கவேண்டும்." சேர்த்தால் அன்றைக்கே முதல் கையெழுத்து என்னுடையது.

இன்னொன்று. அடுத்தமுறை ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள். ஒரு நாள் விடுப்பு போட்டுத் திங்கட்கிழமை வாருங்கள். காலை எட்டேகாலுக்குக் கூட்டேரிப்பட்டு பக்கம் நில்லுங்கள். தலைக்கவசம் இல்லாத, பிரேக் சரியாகப் பிடிக்காத, பின்னால் தம்பியை உட்காரவைத்த பிள்ளைகள் வருவார்கள். அவர்களோடு பள்ளி வாசல் வரை மிதித்துப் போய்ப் பாருங்கள். நானும் வருகிறேன், முழங்கால் வலியோடு. பிறகு என் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே மனுவை மறுபடி எழுதுவோம்.

அந்தத் தகப்பனாருக்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. அவர் பேத்திக்காவது ஒரு பதில் சொல்லவேண்டும். அதற்கு எனக்கு ஒரு வருடம்தான் இருக்கிறது.

படித்தவர்கள் உங்கள் ஊர் வண்டிப்பாதை எங்கே இருந்தது, இப்போது அங்கே என்ன இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். 'சூப்பர் டீச்சர்' என்று மட்டும் எழுதுகிறவர்களுக்கு மதிப்பெண் கிடையாது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்